கிலாஃபிய்யா என்றால் என்ன?



"இது கிலாஃபிய்யாவான மஸ்அலா" என்று ஆலிம்கள் பயானில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் இதைச் சண்டைக்குரிய விஷயம் என்று எண்ணுகிறார்கள். வேறு சிலர், "அப்படியானால் எப்படிச் செய்தாலும் சரிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

சொல்லின் மூலம்

'கலஃப' என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் இது. 'பின்னால்' என்பது அந்த வேரின் அடிப்படைக் கருத்து. பின்வந்து பொறுப்பேற்பவரைக் கலீஃபா என்கிறோம். இரவும் பகலும் மாறி மாறி வருவதையும் குர்ஆன் (3:190) 'இக்திலாஃப்' என்றே குறிப்பிடுகிறது. அந்த மாற்றத்தில் பகைமை இல்லை. அறிவுடையோருக்கு அத்தாட்சி இருக்கிறது.

ஃபிக்ஹில் இதன் பொருள்

ஆதாரங்களை ஆய்வு செய்த முஜ்தஹிதுகள் வெவ்வேறு முடிவுக்கு வந்த சட்டங்களே கிலாஃபிய்யா. தலாக் சொல்லப்பட்ட பெண் மூன்று 'குரூஃ' காத்திருக்க வேண்டும் என்கிறது குர்ஆன் (2:228). அரபியில் அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும், தூய்மைக் காலத்தையும் குறிக்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மாதவிடாய் என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தூய்மைக் காலம் என்றார்கள். வசனம் ஒன்றுதான், விளக்கம் இரண்டு. மனோஇச்சைக்கு இங்கே வேலை இல்லை.

ஐவேளைத் தொழுகையும் ரமளான் நோன்பும் கடமை என்பது இஜ்மாஃ. அதில் யாரும் 'கிலாஃப்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஸஹாபாக்களின் பாடம்

ஹஜ்ஜின்போது மினாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் நான்கு ரக்அத் தொழவைத்தார்கள். நபி (ஸல்) அவர்களுடனும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருடனும் இங்கே இரண்டு ரக்அத்தான் தொழுதோம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) எடுத்துரைத்தார்கள். ஆனால் பிறகு அவர்களும் நான்காகவே தொழுதார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கிலாஃப் தீயது என்றார்கள் (அபூதாவூத்).

கவனியுங்கள்! தம் கருத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதற்காக ஜமாஅத்தைப் பிரிக்கவும் இல்லை. அவர்கள் தீயது என்றது ஆய்வில் வரும் வேறுபாட்டை அல்ல, பிளவை.

ஷாஃபிஈ பள்ளியில் சுப்ஹில் குனூத் ஓதுகிறார்கள். ஹனஃபி பள்ளியில் ஓதுவதில்லை. அதற்காக ஸலாமை நிறுத்திக்கொள்ளும் இருவரும் கிலாஃபிய்யா என்ற சொல்லை இன்னும் விளங்கவில்லை. உங்கள் இமாமின் ஆதாரத்தைக் கற்றுப் பின்பற்றுங்கள். பக்கத்தில் நிற்பவரின் இமாமுக்கும் ஆதாரம் உண்டு என்பதை மறவாதீர்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.