சிங்கராஜவில் ஓடாதீர்கள், நில்லுங்கள்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உயர்தர உயிரியல் மாணவர்களைச் சிங்கராஜ வனத்துக்கு அழைத்துப்போகும் எண்ணத்தை வவுனியாவிலிருந்து எழுதியிருந்தீர்கள். எந்த மாதம் போகலாம், ஒரு நாளில் எத்தனை பறவைகளைப் பார்க்கலாம், வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை போகலாம். அது தவறினால் ஆகஸ்ட், செப்டெம்பர். மழை குறைந்த மாதங்கள் என்றுதான் இவற்றைச் சொல்லலாம். மழையே இல்லாத மாதம் அங்கே கிடையாது. மற்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றுக்காகத்தான் இந்த நீண்ட கடிதம்.

உங்கள் மாணவர்கள் வங்காலையில் பூநாரைகளைப் பார்த்திருப்பார்கள். வெட்டவெளி, ஆழமில்லாத தண்ணீர், எண்ணி முடிக்கும்வரை அசையாமல் நிற்கும் பறவைகள். மழைக்காடு அப்படியில்லை. மரங்கள் 35, 40 மீட்டர் உயரத்துக்கு எழுந்து வெளிச்சத்தை மேலேயே வாங்கிக்கொள்கின்றன. குடாவ வாயிலால் உள்ளே போய் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பறவைகூடக் கண்ணில் படாமல் போகலாம். “ஒண்டுமே இல்லையே, டீச்சர்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர்களை வேகமாக நடத்திக்கொண்டு போகாதீர்கள். சிங்கராஜவில் பறவைகள் காடு முழுக்கப் பரவி இருப்பதில்லை. பல இனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கூட்டமாக இரை தேடித் திரிகின்றன. கூட்டம் இல்லாத இடத்தில் காடு வெறுமையாகத் தெரியும். கூட்டம் வந்துவிட்டால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று திணறிப்போவீர்கள்.

கூட்டத்தின் வரவை முதலில் சொல்வது ஓயாத கீச்சுக்குரல். நம் வளவுகளில் தத்தித் திரியும் புலுனியின் உறவுக்காரப் பறவையான செம்மஞ்சள் அலகுச் சிலம்பன் பத்து இருபதாகப் புதர்களைக் கிளறிக்கொண்டு வரும். அதற்குச் சற்று மேலே கொண்டைக் கரிச்சான் உட்கார்ந்து, கிளறலில் கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். தரையில் சாம்பல்தலைச் சிலம்பன்கள் காய்ந்த இலைகளைப் புரட்டும். அடிமரத்தில் மரங்கொத்தி, நடுக்கொப்பில் தீக்காக்கை, உச்சியில் செம்முகப் பூங்குயில். நீலமும் செம்பழுப்புமாக, சிவந்த அலகோடு, சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படும் பறவை குறுக்கே பாயும். மலை அணில்கூடச் சில வேளை கூடவே வரும். சராசரிக் கூட்டமொன்றில் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது பறவைகள் வரையும் இருக்கும். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் கடந்துபோய்விடும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத உயிரியல் பாடம் இதில் இருக்கிறது. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்தக் கூட்டங்களைப் பதிவுசெய்து வந்தார்கள். பின்னர் அவரும் ஈபன் குடேல் என்ற ஆய்வாளரும் ஒலிப்பதிவுகளை வைத்துப் பரிசோதனை செய்து, கூட்டத்தைக் கட்டிவைத்திருப்பவை செம்மஞ்சள் அலகுச் சிலம்பனும் கரிச்சானும்தான் என்று காட்டினார்கள். சிலம்பன்கள் எண்ணிக்கையில் அதிகம். அவற்றின் இரைச்சலே மற்றவற்றுக்கு அடையாளம். கரிச்சான் காவல்காரன். வல்லூறு வந்தால் அதன் அபாயக்குரலைக் கேட்டு முழுக்கூட்டமும் உறைந்துபோகும். மற்ற இனங்களின் அபாயக்குரல்களையும் கரிச்சான் தன் குரலில் சேர்த்துக்கொள்ளும். பூச்சி ஒருவருக்கு, பாதுகாப்பு எல்லோருக்கும்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டி வேண்டும். வழிகாட்டி இல்லாமல் வனத்துக்குள் விடமாட்டார்கள் என்பது விதி. ஆனால் விதிக்காகக் கூட்டிப்போகும் துணையாக அவரை எண்ண வேண்டாம். நமக்கு ஒலியே கேட்காத தூரத்தில் சிலம்பன்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று அவர் கணித்துவிடுவார். கூட்டத்தின் பின்னால் ஓடினால் வால்களைத்தான் பார்க்கலாம். அவர் நம்மை அது வரப்போகும் வளைவுக்கு முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்துவார். பிறகு கையை உயர்த்துவார். அவ்வளவுதான். அந்தக் கை உயர்ந்தால் இருபது பிள்ளைகளும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவையுங்கள். இருபது பேரை ஒரே வரிசையில் நடத்தாமல் இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு வழிகாட்டி அமர்த்துங்கள். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 போதும். பத்து மடங்கு என்றால் பார்வைப்புலம் குறுகும். அடர்ந்த இலைகளுக்குள் பறவையைத் தேடிப்பிடிப்பது சிரமம்.

தவளைவாயன் என்ற பறவையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பகல் முழுக்க ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டித் தாழ்ந்த கொப்பொன்றில் தூங்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. ஆள் நெருங்கியது தெரிந்தால் அலகை மேலே தூக்கிக் கண்ணைக் கீற்றாக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது பறவையல்ல, முறிந்த கொப்பு. இரண்டு மீட்டருக்குள் வைத்து விரலால் காட்டினாலும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. வழிகாட்டிக்கு அது தெரிவது கூர்மையான கண்ணால் மட்டுமல்ல. நேற்று அது எந்தக் கொடியில் இருந்தது, இரவு மழைக்குப் பிறகு எங்கே மாறியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

காதின் பெருமைக்கு இன்னொரு சான்று. பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துள்கல காட்டில் முன்பின் கேட்டிராத ஓர் இரவுக்குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய ஆந்தையைச் சிங்கராஜவில் கண்ணால் கண்டது 2001இல். 2004இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தை அதுதான். இலங்கையில் 1868க்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை இனம். ஆறு ஆண்டுகள் ஒரு குரலை மறக்காமல் வைத்திருந்ததன் பலன் அது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பறவையை வரவழைக்கக் கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட வேண்டாம். வழிகாட்டியை அதற்கு வற்புறுத்தவும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவரும். நீங்கள் போகும் மாதங்கள் பல பறவைகளுக்குக் கூடுகட்டும் காலம். ஒரு நாளில் பல குழுக்கள் வந்து ஒவ்வொன்றும் இப்படிச் செய்தால் அந்தப் பறவைக்கு என்ன மிஞ்சும்? “காட்டாவிட்டால் சந்தோஷப்பணம் இல்லை” என்று வருகிறவர்கள் காட்டும் முகத்துக்குப் பயந்துதான் சிலர் அதைச் செய்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது நம் கையில் இருக்கிறது. புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எதுவும் தெரியாவிட்டாலும் உங்கள் பணத்தில் குறையாது.

அந்தப் பணம் வீண்செலவா என்று கேட்டீர்கள். பதிலை இந்தக் காட்டின் கதையிலிருந்து தொடங்குகிறேன். குடாவப் பாதையின் அகலத்தைக் கவனியுங்கள். காட்டுப்பாதைக்கு அவ்வளவு அகலம் வேண்டியதில்லை. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களை இறக்கி மரம் தறித்தபோது லொறிகள் போன வழி அது. மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் 1977இல் தறிப்பு நின்றது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடம், 1988இல் உலக மரபுரிமை. தறித்த இடங்களில் மீண்டும் எழுந்த மரங்களுக்கு நடுவேதான் இன்று அந்தக் கூட்டங்களைப் பார்க்கிறோம்.

காடு பாதுகாக்கப்பட்டபோது அதைச் சுற்றியிருந்த ஊர்களின் வாழ்க்கையும் மாறியது. தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் கித்துள் சீவிப் பாணி காய்ச்சியவர்கள், பிரம்பும் மருந்துக்கொடியும் எடுத்தவர்கள் அந்த ஊரார். வழிகாட்டிகளில் பலர் அவர்களுடைய பிள்ளைகள். பறவைகளின் ஆங்கிலப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். ஆனால் எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், பழத்துக்கு யார் வருவார்கள் என்ற கதை சிங்களத்தில்தான் தாராளமாக வரும். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரைக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் பயணத்தின் பாதி கைநழுவிப்போகும்.

அட்டைக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். நீண்ட காலுறை போட்டு அதன்மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறினாலும் கடி ஆபத்தில்லை. தரையில் கை வைக்கும் முன்னும் கட்டையில் உட்காரும் முன்னும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த இலைகளுக்குள் குழிவிரியன் சுருண்டிருக்கும்.

கடைசியாக, எத்தனை பறவைகள் என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கையை மாணவர்களுக்கு இலக்காக வைக்காதீர்கள். ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லுங்கள். முதலில் வந்தது எது, எந்த உயரத்தில் எது இரை தேடியது, அபாயக்குரல் கொடுத்தது யார், அதைக் கேட்டு அசையாமல் நின்றவை எவை. அப்படி ஒரு பக்கம் எழுதிய பிள்ளை, பெயர்ப்பட்டியலோடு திரும்பும் பிள்ளையைவிட அதிகம் கற்றிருக்கும். வழிகாட்டிக்குக் கொடுப்பதைக் குறைக்காமல் கொடுங்கள். மரம் நின்றால் தனக்கும் பிழைப்பு உண்டு என்று ஓர் ஊர் நம்ப வேண்டுமானால், அதற்கான வருமானம் அந்த ஊருக்குள் போய்ச் சேர வேண்டும்.

போய் வந்த பிறகு மாணவர்களின் குறிப்புகளில் ஒன்றிரண்டை எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.