மண்ணுக்கு ஏத்த டயர், வேலைக்கு ஏத்த காத்து

கடலூர் மாவட்டத்து டிராக்டர் மூன்று விதமான தரையைப் பார்க்கிறது. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரிப் பாசனத்துக் களிமண். பண்ருட்டி பக்கம் முந்திரி நிற்கும் செம்மண். இரண்டுக்கும் நடுவே கரும்பும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய தார்ச்சாலை. மூன்றுக்கும் ஒரே டயர், ஒரே காற்று என்று விட்டுவிட்டால் டீசலும் வீணாகும், மண்ணும் இறுகும், டயரும் சீக்கிரம் போய்விடும்.

"அண்ணே, பெருசா, கெட்டியா ஒரு டயர் குடுங்க" என்று கடையில் கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: தரை, பக்கச்சுவர் எழுத்து, காற்று, பில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் தரையைப் பாருங்கள்

டயரின் பட்டன் எந்த வேலைக்கானது என்பதை அதன் பக்கச்சுவரில் ஒரு குறியீடாகப் போட்டிருப்பார்கள்.

• ஆர்-1: பொது உழவு வேலைக்கு. செம்மண்ணுக்கும், வயல் பாதி ரோடு பாதி என்று ஓடும் வண்டிக்கும் பொருந்தும்.

• ஆர்-2: சேற்று நெல் வயலுக்கும் ஈரமான கரும்பு வயலுக்கும். பட்டன் உயரம் ஆர்-1-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேற்றில் நல்ல பிடிப்பு இருக்கும். ஆனால் தார் ரோட்டில் அதிகம் ஓட்டினால் பட்டன் வேகமாகத் தேயும்.

• ஆர்-4: பொக்லைன் போன்ற கட்டுமான இயந்திரங்களுக்கு. பட்டன் அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். ஜல்லி, கட்டிட இடிபாடு போன்ற கரடுமுரடான தரையைத் தாங்கும். சேற்றில் பிடிப்பு குறைவு.

• எஃப்-2: டிராக்டரின் முன் சக்கரத்துக்கு. மூன்று வரிக் கோடுகள் சுற்றி ஓடும். ஸ்டியரிங் திருப்பும்போது பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க இந்த அமைப்பு.

சம்பா நடவுக்கு முன் சேறடிக்க மட்டும்தான் கூடுதல் பிடிப்பு வேண்டும் என்றால், ஆர்-1 டயரோடு கேஜ் வீல் மாட்டுவதே பெரும்பாலோருக்குப் போதும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறக் கூடாது. இரும்புப் பட்டை சாலையைக் கொத்திப் போட்டுவிடும். வயலில் மாட்டுங்கள், வயலிலேயே கழற்றுங்கள், டிரெய்லரில் ஏற்றிச் செல்லுங்கள்.

அறுவடையிலும் இதே கணக்குதான். ஈரம் காயாத வயலில் டயர் மிஷின் இறங்கினால் ஆழமான தடம் விழும். நம்ம பக்கம் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்து விதைக்கிறவர்கள் நிறைய. முளைத்து நிற்கும் உளுந்து அந்தத் தடத்தில் நசுங்கிப் போகும்; தடத்தில் தண்ணீர் தேங்கினால் மிச்சமும் அழுகும். அப்படிப்பட்ட வயலுக்கு எடையைப் பரப்பி நிற்கும் பெல்ட் மிஷின்தான் நல்லது. வாடகை கூடுதல்தான், ஆனால் உளுந்து மகசூலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்கு எடுக்க 'உழவன்' செயலியைப் பயன்படுத்தலாம்.

2. பக்கச்சுவரைப் படியுங்கள்

பழைய டயரில் 13.6-28 என்று இருந்தால், டயரின் அகலம் சுமார் 13.6 அங்குலம், ரிம் விட்டம் 28 அங்குலம் என்று பொருள். நடுவில் கோட்டுக்குப் பதில் 'ஆர்' எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். ரேடியலில் 340/85 ஆர் 28 என்று மில்லிமீட்டர் கணக்கிலும் அளவு வரும், அது 13.6 அங்குலத்துக்கு இணையான அளவு. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் சாதா டயர் போடக் கூடாது.

12 பி.ஆர். என்பது டயர் தாங்கும் பலத்தின் அளவு. உள்ளே 12 அடுக்கு நைலான் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 16.9-28 அளவு பெரிய டிராக்டரின் பின் சக்கரத்திலும் வரும், பொக்லைனின் பின் சக்கரத்திலும் வரும். "சைஸ் ஒண்ணுதானே, போட்டுக்குங்க" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டன் குறியீடு, பி.ஆர்., தாங்கும் எடை மூன்றும் உங்கள் இயந்திரத்தின் கையேட்டோடு பொருந்த வேண்டும்.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். குடோனில் பல வருடம் கிடந்த சரக்கா என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

டயர் மாட்டியதும் டிராக்டருக்குப் பின்னால் நின்று பாருங்கள். பின் சக்கரப் பட்டன்கள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூர்ந்து தெரிய வேண்டும். தலைகீழாகத் தெரிந்தால் டயரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சேறு வெளியே தள்ளப்படாமல் பட்டனுக்குள் அடைத்துக்கொள்ளும்.

3. காற்றுதான் முக்கால்வாசி பராமரிப்பு

டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அழுத்தத்தைத்தான் டயர் மண்ணின் மேற்பரப்பில் கொடுக்கும். எனவே ரோட்டுக்காக ஏற்றிய காற்றோடு அப்படியே களிமண் வயலில் இறங்கினால், டயர் பரவி நிற்காமல் மண்ணை அழுத்திக்கொண்டு கீழே இறங்கும். மாறாக, வயலுக்காகக் குறைத்த காற்றோடு கரும்பு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரோட்டில் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பு விடும்.

சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் வயலுக்கும் ரோட்டுக்கும் தனித்தனியாக இருக்கும். அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது கேஜ் வைத்துப் பாருங்கள். "கையால தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்" என்பது இந்தப் பெரிய டயருக்குச் செல்லாது.

சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதைச் செலவில்லாமல் நீங்களே அளக்கலாம்:

• பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.
• கலப்பையை இறக்கி உழும்போது சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிவிட்டு ஓட்டி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்.

எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம். 10 முதல் 15 வரை சரி. 20-ஐத் தாண்டினால் டீசல் சேற்றில் போகிறது: பட்டன் தேய்ந்திருக்கலாம், காற்று கூடியிருக்கலாம், பின்பக்க எடை போதாமல் இருக்கலாம். காய்ந்த நில உழவுக்கு டியூபில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டலாம். வால்வு உச்சியில் இருக்கும்படி நிறுத்தி, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு மட்டும் நிரப்ப வேண்டும். சேற்றுழவுக்கு முன் அந்தத் தண்ணீரை இறக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் வண்டி புதையும்.

4. உயிருக்கு ஆபத்தான இரண்டு பழக்கங்கள்

டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் போதாது. உள்ளே ரப்பர் சூடாகி வாயு சேர்ந்து வெடிக்கலாம். டயரை முழுதாகக் கழற்றிய பிறகுதான் வெல்டிங்.

டிராக்டர் பின் டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முயலுங்கள். காற்று ஏற்றும்போது டயருக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகள்.

5. பில் உங்கள் உரிமை

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், டியூப் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. வரிக்கு முந்தைய விலை 20,000 ரூபாய் என்றால் வரி 3,600 அல்ல, 1,000 ரூபாய்தான். பொக்லைன் டயருக்கு இந்த 5 சதவீதம் பொருந்தாது. "பில் இல்லாம எடுத்தா கம்மி" என்றால், வாரண்டியும் இல்லை என்றே பொருள்.

வாங்கிய அன்றே போனில் எடுக்க வேண்டிய படங்கள்: பில், வாரண்டி அட்டை, டயரின் வரிசை எண், நான்கு இலக்கத் தேதி, மாட்டிய பிறகு முழு டயர்.

குறை வந்து கடைக்காரர் தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பார்கள். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஒரு பொக்லைன் வைத்து ஓட்டுகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

கழற்றிய பழைய டயரைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் மழைநீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். போகியன்று எரிக்கவும் வேண்டாம். புது டயர் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.