கட்டியை எடுத்தால் போதுமா? வாய்ப்புற்றுநோய் ஆபரேஷனில் ‘மார்ஜின்’ பார்ப்பது ஏன்?



வாய்ப்புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றால் குரும்பகரம், காரைக்கால் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர், தஞ்சாவூர், சென்னை அடையாறு என்று வெளியூர்தான் போக வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் வீட்டார், டாக்டர் வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: “கட்டியை முழுசா எடுத்துட்டீங்களா?” இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எப்படிக் கிடைக்கிறது என்பதே இந்த மாதப் பாடம்.

மார்ஜின் என்றால் என்ன?

வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே தெரியும் புல்லை மட்டும் இழுத்தால் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். சில நாளில் மறுபடி முளைக்கும். சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்துத் தோண்டினால்தான் கிழங்கும் வரும். புற்றுநோயும் அப்படியே. கண்ணுக்குத் தெரியும் கட்டியைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத செல்கள் பக்கத்துச் சதைக்குள் பரவியிருக்கலாம். ஆகவே டாக்டர்கள் கட்டியைச் சுற்றிலும், அடியிலும் நல்ல சதையில் ஏறக்குறைய 1 செ.மீ. சேர்த்தே வெட்டுகிறார்கள். அந்த நல்ல சதையின் ஓரம்தான் மார்ஜின், அதாவது விளிம்பு.

வெட்டி எடுத்த சதை சுருங்கும். அதனால் வாயில் 1 செ.மீ. விட்டு வெட்டியது, மைக்ராஸ்கோப்பில் அதைவிடக் குறைவாகவே தெரியும். கடைசி ரிப்போர்ட்டில் புற்றுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் விளிம்பு சுத்தம் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் ‘க்ளோஸ்’. ஓரத்திலேயே புற்றுச்செல் இருந்தால் ‘பாசிட்டிவ்’. அந்த இடத்தில் நோய் திரும்பி வரும் ஆபத்து கூடுகிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். ‘மார்ஜின் நெகட்டிவ்’ என்று எழுதியிருந்தால் அது நல்ல செய்தி. அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆபரேஷன் நடக்கும்போதே பார்ப்பது எப்படி?

வழக்கமான சோதனையில் சதையைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, சீவிப் பார்க்கச் சில நாட்கள் ஆகும். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பதில் வேண்டுமானால் அதற்கு ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ என்ற உறைதிசுச் சோதனை இருக்கிறது. சந்தேகமான ஓரத்திலிருந்து எடுத்த சதையைச் சுமார் மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சுமார் 20 முதல் 30 நிமிடத்தில் தியேட்டருக்குப் பதில் போய்விடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1905-இல் டாக்டர் லூயிஸ் வில்சன் இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

பதில் உடனே கிடைப்பதில் பெரிய நன்மை உண்டு. ஓரத்தில் புற்று இருந்தால் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடலாம். நெஞ்சிலிருந்தோ கையிலிருந்தோ சதை எடுத்து வாயை மூடித் தைத்த பிறகு, எந்த ஓரம் என்று சரியாகக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தாடை எலும்பை இப்படிச் சீவிப் பார்க்க முடியாது. சிறு துண்டுகளை மட்டும் பார்ப்பதால் சில நேரம் கடைசி ரிப்போர்ட் மாறியும் வரும். எல்லா நோயாளிக்கும் இதைச் செய்வதில் செலவுக்கேற்ற பலன் இல்லை என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் 2019-இல் எழுதியிருக்கிறார்கள். வெட்டிய சதையை அங்கேயே அளந்து பார்ப்பதும் ஒரு முறைதான். ஆகவே ‘ஃப்ரோசன் செய்யவில்லை’ என்பதற்காக மனம் உடைய வேண்டாம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

1. “முகம் கெட்டுப்போகும், கொஞ்சமா வெட்டுங்க” என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். அவர் கூடுதலாக வெட்டும் சதைதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. எவ்வளவு போகும், சாப்பாடும் பேச்சும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. விளிம்பை எப்படிப் பார்ப்பீர்கள், தேவைப்பட்டால் இன்னும் எடுப்பீர்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். சோதனைக்காகத் தியேட்டரில் நேரம் கூடினால் பதறாதீர்கள்.

3. தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று ஊர் திரும்பிவிடாதீர்கள். கடைசி பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். மார்ஜின் எத்தனை மி.மீ., கழுத்து நெறிகட்டியில் நோய் உண்டா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

4. விளிம்பு பாசிட்டிவ் என்றால் மறு ஆபரேஷனோ, கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் ரேடியேஷனோ, அதோடு கீமோவோ தேவைப்படலாம். ரேடியேஷன் வேண்டும் என்றால், ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. “பெருநாள் கழியட்டும், கல்யாணம் முடியட்டும்” என்று தள்ளிப்போட்டால், ஆபரேஷனில் கிடைத்த பலனையே இழக்க நேரிடும்.

5. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கொண்டுபோங்கள்.

கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தால் சுத்தமான விளிம்பு கிடைப்பது எளிது. முகமும் பேச்சும் அதிகம் கெடாது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் சொல்லியிருக்கிறது. “நான் புகையிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே” என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நோயுற்றவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.