ஒளிந்தே கிடக்கும் உடும்பை வளர்க்கத் தொடங்குவோருக்கு

சவன்னா உடும்புக் குட்டியை வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: "ஒளிந்தே கிடக்கிறது, ஒன்றும் தின்னவில்லை, என்ன செய்ய?" கேட்டுவிட்டு இரையை மாற்றி மாற்றி அதன் வாயருகே நீட்டுவார்கள். அதற்கு வேண்டியது வேறு இரை அல்ல. பதுங்க மண், காய வெப்பம், நீங்கள் சற்று எட்டி நிற்பது, இந்த மூன்றும்தான்.

1. முதலில் சட்டம். இந்தியாவில் இருப்பவர்கள் நம் ஊர் உடும்பைப் பிடித்து வளர்க்க நினைக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நான் சொல்லப்போவது அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் சவன்னா உடும்பைச் சட்டப்படி வாங்கியவர்களுக்கு.

2. அது எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடைக்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவை மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியானவை. பெட்டிக்குள் அடைபட்டு, நாவறண்டு வந்து சேர்ந்த உயிர். கானாவில் இந்த இனத்தை ஆராய்ந்த டேனியல் பென்னட், குஞ்சுகள் பெரிய சில்வண்டுகள் தோண்டிய வளைகளில் பதுங்குவதைக் கண்டு எழுதியிருக்கிறார். பறவைக்கும் பாம்புக்கும் இரையாகிற வயது அது. மேலிருந்து இறங்கும் உங்கள் கை அதன் கண்ணுக்குப் பருந்துதான்.

3. ஆகவே மண். காகிதத்தை விரித்து ஒரு மரப்பட்டையைப் போட்டால் போதாது. உரமும் பூச்சிமருந்தும் படாத தோட்டமண்ணோடு மணலைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் நிரப்புங்கள். குட்டிக்கு ஓர் அடி ஆழமாவது வேண்டும். வளர்ந்ததற்கு இரண்டு அடி. சாய்வாக ஒரு துளையைத் தொடங்கிக் கொடுங்கள், மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும். வளைக்குள் தேங்கும் ஈரம்தான் அதன் உடல் வறண்டுபோகாமல் காக்கிறது. கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கம் மறைத்துவிடுங்கள். உயிரோடிருக்கிறதா என்று தினமும் தோண்டிப் பார்ப்பவர்களை அறிவேன். பாவம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒளிய இடம் உறுதி என்று தெரிந்த பிறகுதான் உடும்பு வெளியே தலைநீட்டும்.

4. அடுத்தது வெப்பம். வெப்ப விளக்கின் கீழே உடும்பு காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். பதற வேண்டாம், இது தொட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் அல்ல. சற்று நேரம் காய்ந்துவிட்டுத் தானே நகர்ந்துபோகும். அப்படிப் போக மறுகோடி 26 டிகிரி அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். உடல் சூடேறாமல் இரை செரிக்காது, செரிக்காத வயிற்றில் பசியும் எடுக்காது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். புறஊதாக் கதிர் விளக்கும் வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் கல் வேண்டாம், வயிற்றுத்தோல் வெந்துவிடும்.

5. முதல் இரண்டு வாரம் கையில் எடுக்காதீர்கள். உப்பிச் சீறுவதும் வாலை வீசுவதும் கோபம் அல்ல, பயம். தண்ணீரை மாற்றி, இரையை வைத்து, விலகுங்கள். பிறகு தினமும் கொஞ்ச நேரம் தொட்டிக்கு அருகில் அசையாமல் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் முன்னால் அது ஒருநாள் தின்னத் தொடங்கினால், அதற்கப்புறம் நீண்ட இடுக்கியால் இரை கொடுக்கலாம். வாலைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அறுந்தால் மறுபடி முளைக்காது.

6. இரையாகக் கொடுக்க வேண்டியவை: சில்வண்டு, டூபியா கரப்பான், மண்புழு, நத்தை. சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவி, விளக்கு எரிந்து ஓரிரு மணி நேரம் கழித்து விடுங்கள். எலியை ஆவலோடு விழுங்கும் என்பதற்காக அதையே பழக்காதீர்கள். காட்டில் பூச்சியும் நத்தையும் தின்று திரியும் இந்த இனம், வீட்டில் எலி தின்று கொழுத்துச் சாகிறது. மிஞ்சிய சில்வண்டுகளை மாலையில் எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியைக் கடிக்கும். கடைசியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

7. வெளியே வரப் பழகியதும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சில நாள் தின்னாதது பெரிதல்ல. எடை இறங்கிக்கொண்டே போனாலும், கண் குழி விழுந்தாலும், வாலடி மெலிந்து எலும்பு தெரிந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போய்விடுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க, புதிதாய் விழுந்த எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். அளந்து வைத்த வெப்பக் கணக்கையும் கொடுங்கள், அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.