பட்டு நூல் சொன்ன சாட்சி

கேள்வி: காலில் முள் குத்தினால் புண் தானே ஆறிவிடுகிறது. என் தாயாரின் இடுப்பில் வைத்த செயற்கை மூட்டில் சீழ் பிடித்ததும், மருந்தால் மட்டும் தீராது, மூட்டையே எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வித்தியாசம் எப்போது தெரியவந்தது?

பதில்: அந்நிய வஸ்து உள்ளே தங்கினால் புண் ஆறாது என்பது, முள்ளின் முனை முறிந்து சதைக்குள் நின்றுபோன அநுபவம் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்ததேயாயினும், அதைக் கணக்கிட்டு நிரூபித்த பெருமை 1957-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்ட எலெக், கோனென் என்னும் இருவரைச் சாரும். கட்டிக்கும் கொப்புளத்துக்கும் காரணமான ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியை, தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஊசியால் செலுத்தியபோது, சீழ் உண்டாகப் பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. தையல் போடும் பட்டு நூலிழை ஒன்றும் அங்கே இருந்தபோதோ, சில நூறே போதுமானவையாயின. சீழ் கட்டும் என்று தெரிந்தே தோலைக் கொடுத்த அந்த மனிதர்களிடம், ஆராய்ச்சியாளர்களிடம் உள்ளதைவிட எனக்கு மரியாதை அதிகம்.

நூலுக்கும் உலோகத்துக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே தேகத்தின் காவலர்களாகிய வெள்ளணுக்கள் அங்கே சரிவர வேலை செய்ய முடிவதில்லை. அதற்குள் கிருமிகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான பசையொன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே கூட்டமாகக் குடியேறி, ஒரு படலமாகப் படிந்துவிடுகின்றன. எத்தனை குடம் நீரை ஊற்றினாலும் படித்துறைக் கல்லின் பாசி போகாதது போலத்தான் இதுவும். நாள்தோறும் நம் பற்களில் படிகிற அழுக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்தப் படலவாழ்வை 1978-இல் கோஸ்டர்டன் முதலியோர் விளக்கி எழுதினர். பிறகு 1982-இல், இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியின் கம்பியிலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் காட்டிக் கொடுத்தது. படலத்தினுள் கிருமிகள் மந்தமாக வளர்வதால், வேகமாகப் பெருகுகிற கிருமியையே முக்கியமாகத் தாக்கும் மருந்துகள் அங்கே வலுவிழக்கின்றன. தோலின்மேல் பரம சாதுவாக வாழ்கிற எபிடெர்மிடிஸ் என்னும் இனம்கூட, உலோகத்தைக் கண்டதும் குணம் மாறிவிடுகிறது.

ஆகவே கிருமி வந்து ஒட்டாமலே தடுப்பதுதான் முதல் வேலை. இடுப்பு மூட்டு சிகிச்சையின் முன்னோடியான இங்கிலாந்தின் சார்ன்லி, சுத்திகரித்த காற்றை அறைக்குள் செலுத்தியும், வைத்தியர்களின் மூச்சுக்காற்றை உடையிலிருந்தே குழாய்வழி வெளியேற்றியும், நூற்றுக்கு ஏழெட்டாக இருந்த சீழ்த்தொல்லையை ஒன்றுக்கும் கீழே இறக்கினார்.

உங்கள் தாயாருக்கு வருவோம். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால், கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்றுவதும் உண்டு. படலம் முதிர்ந்துவிட்டால், மூட்டை எடுத்து, மருந்து கலந்த சிமெண்டை அந்த இடத்தில் வைத்து, சில வாரங்கள் கழித்துப் புதிய மூட்டைப் பொருத்துவார்கள். எந்த நிலையில் இருக்கிறார் என்று டாக்டரையே கேளுங்கள்.