ஜெபமா, போராட்டமா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் ஜெபத்தை விட்டுவிட்டு, சமூக நீதி என்று தெருவில் இறங்கலாமா?

பதில்: ஏன் விட வேண்டும்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட்காரர் மாணவர்களுக்குப் போராட்டப் பயிற்சி கொடுத்ததே சர்ச்சுக்குள்தான். நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் காந்திய வழியைக் கற்றவர் அவர். மாணவர்களை இரண்டு அணியாகப் பிரிப்பார். ஓர் அணி திட்டும், தள்ளும், முகத்தில் சிகரெட் புகையை ஊதும். மற்றது கை ஓங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 1960 பிப்ரவரியில், கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத உணவு கவுன்ட்டர்களில் போய் அமர்ந்தார்கள். அடி வாங்கினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். அவர்களில் ஒருவர் இறையியல் மாணவர் ஜான் லூயிஸ், பின்னாளில் எம்.பி. ஆனவர். இந்தப் போராட்டத்துக்காக லாசனை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது (அவர் படித்ததும் இறையியல்தான்!). மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறின.