சாலையோரக் கல்லும் ஊர்ச் சரித்திரமும்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டில் அங்கே பொறிப்பித்த பாடல்களுள் ஒன்றில் ஒரு விண்ணப்பம் செய்திருக்கின்றான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அவ்வரசன் கூறுகின்றான். முடிமன்னன் ஒருவன் முகமறியாப் பிற்காலத்தாரை வணங்கி வேண்டியது வீண்போகவில்லை. சிதைந்து நெடுங்காலம் நின்ற இராசகோபுரம், ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பெற்று 1990இல் குடமுழுக்குக் கண்டது.

கோபுரத்தைக் காக்க ஊர் திரளும். சாலையோரத்துச் சிறு கல்லைக் காப்பவர் யார்? பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கவனித்தற்குரிய வினா இது.

சுமைதாங்கிக் கல்லை நம்மில் அறியாதார் இலர். இரண்டு கற்றூண்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம் அதற்கு உண்டு. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக, அவள் இறக்காது போன சுமையை எண்ணி, உறவினர் இதனை நடுவது வழக்கம். சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். எந்தச் சரித்திர நூலிலும் இடம்பெறாத ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றி எஞ்சியுள்ள எழுத்து அதுவொன்றாகவே இருத்தல் கூடும்.

நம் பகுதியில் அவ்வாண்டு கொல்லம் ஆண்டாகவும் இருக்கலாம். அது கி.பி. 825இல் தொடங்கியது; ஆவணியில் பிறப்பது. ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான தேதியாயின் 824ஐயும், அதற்குப் பிற்பட்டதாயின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கல்லில் 1062, தை மாதம் எனக் கண்டால் அது 1887 ஆகும். எண்கள் பழைய தமிழ் இலக்கத்தில் இருப்பின் பள்ளித் தமிழாசிரியரை அழைத்துக் காட்டுக. நண்பகலில் தெரியாத எழுத்து, காலை மாலைச் சாய்வெயிலில் நன்கு தெரியும்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் முன்னர்ப் பணிபுரிந்த ஒன்றியம் ஒன்றில், சாலையை அகலப்படுத்தும் மதிப்பீட்டில் கையொப்பமிட்டேன். மரங்கள் எத்தனை, மின்கம்பங்கள் எத்தனை என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. வளைவில் நின்ற சுமைதாங்கி மட்டும் இல்லை. பணி முடிந்தபின் சென்று பார்த்தேன். தூண்கள் உடைந்து சல்லியோடு சல்லியாகிவிட்டன. குறுக்குக்கல், எழுத்துள்ள முகம் கீழாக, ஓடையின்மேல் பாலமாய்க் கிடந்தது. "அதில் எங்கள் பாட்டியின் அக்காள் பெயர் இருந்ததே, ஐயா" என்றார் ஒரு முதியவர். இயந்திரம் ஓட்டியவரை நொந்து பயனென்ன? தாளில் இல்லாத கல்லை அவர் எங்ஙனம் அறிவார்?

ஆகவே, சாலைப்பணி தொடங்குமுன் உறுப்பினர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு அச்சாலையை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். சுமைதாங்கி, நடுகல், கல்மண்டபம், பழைய மைல்கல் யாவற்றையும் குறித்து, கிராம சபையில் படித்து, மதிப்பீட்டோடு இணைக்குமாறு கேளுங்கள். நகர்த்துவது தவிர்க்கவியலாதெனின், முதலில் இருந்த இடத்தை அளந்து படமெடுத்துக்கொண்டு, அதே சாலையோரத்தில் எழுத்துத் தெரியும்படி நடுக. எழுத்தின்மேல் வர்ணம் பூசுவது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது, சிமெண்டு அப்புவது ஆகியவை அறவே கூடா. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். பழங்கல்வெட்டெனத் தோன்றினால் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கல் இல்லாமலும் சரித்திரம் நிற்பதுண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது. உங்கள் ஊர் வயல்களுக்கும் இத்தகைய பெயர்கள் இருக்கும். பத்திரத்தில் சர்வே எண் மட்டுமே எழுதும் வழக்கத்தால் அவை மறைகின்றன; அவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக அறிவிப்புப் பலகை வைப்போர் புகழ்மொழிகளைக் குறைத்துச் செய்தியைக் கூட்டுதல் நலம். செங்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்த ஊர் அது. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 நவம்பர் 1இல் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. இவ்விரண்டு வரிகளே பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவனுக்குப் போதுமானவை. கல்லில் உள்ளதைக் கல்லில் உள்ளதென்றும், செவிவழிச் செய்தியை ஊரார் சொல்வதென்றும் பிரித்தெழுதுக. பலகைக்காகப் பழங்கல்லில் துளையிடாமல், இரண்டடி தள்ளித் தனிக்கால் நட்டு மாட்டுக.